லீவு நாளில் வந்த இரத்தம்

இரத்தம் வந்தால் நாளைக் குறித்து வை என்று அம்மா சொன்னபோது எனக்குப் பதின்மூன்று வயது. அன்றிலிருந்து நாற்பத்தாறு வரை நான் குறிக்காத மாதம் இல்லை, என் மகள் ஷப்னம் வயிற்றில் இருந்த மாதங்கள் நீங்கலாக. தொழுகையை எப்போது விடுவது, எப்போது குளித்து மறுபடி தொடங்குவது, நோன்பில் எத்தனை விட்டுப்போனது, எல்லாவற்றுக்கும் அந்தப் புள்ளிதான் சாட்சி.

எங்கள் சமையலறையில் அரிசிக்கடைக் காலண்டர் தொங்குகிறது. புருவப் பென்சிலால் வைத்த கறுப்புப் புள்ளிகள் என்னுடையவை. நீலப் பேனா வட்டங்கள் என் கணவர் காதருடையவை. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறார். அவருக்கு வார லீவு ஞாயிறு என்று கிடையாது. வாரத்துக்கு வாரம் ஒரு நாள் தள்ளிப்போகும். ஷிப்ட் பட்டியல் கைக்கு வந்ததும் லீவு நாள்களை வட்டம் போட்டு வைப்பார். இருபத்திரண்டு வருடமாக ஒரே காலண்டரில் இரண்டு பேரும் குறித்து வந்தோம். இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் படிப்பறிவின்மைதான் இந்தக் கதை. வெட்கப்பட்டு மூடி வைத்தால் அது என்னோடு போய்விடும். எழுதினால் ஒருத்தியாவது தன் காலண்டரை எடுத்துப் பார்ப்பாள்.

எங்கள் வீடு டோல்கேட் பக்கம், முதல் மாடி. கீழே என் நாத்தனார் மெஹர் தைக்கும் மெஷின். பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகு, மெஷின் கடகடக்கும் பகல்தான் எங்களுக்கு வாய்த்த தனிமை. நைட் ஷிப்ட் உடம்புக்கு ராத்திரி என்பது வேலை நேரம், பகல்தான் வீடு. வெளியே டிரெய்லர்கள் வரிசையில் நின்று பிரேக் விட்டுப் பெருமூச்சு விடும். காற்று திரும்பினால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நாற்றம் ஜன்னல் வழியாக வரும். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். அவர் நெஞ்சில் டீசலும் ஊது அத்தரும் கலந்து ஒரு வாசம் இருக்கும், அதுவும் பழக்கம்.

அப்படி ஒரு லீவு நாள் மத்தியானம், நடுவிலேயே அவர் விலகி எழுந்து உட்கார்ந்தார். விரிப்பில் சிவப்பு.

"ஏ நூரு, ஆரம்பிச்சிருச்சா உனக்கு?"

"நாளு இன்னும் கீதுங்களே" என்றேன். சொல்லும்போதே சந்தேகம். வயது நாற்பத்தாறு. மாதம் தப்பி வருவதும் தள்ளி வருவதும் இந்த வயதில் நடப்பதுதான் என்று எல்லாப் பெண்களும் சொல்கிறார்கள்.

தீட்டு நாளில் சேர்வது எங்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டது. தெரியாமல் நடந்தால் குற்றமில்லை என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் குளித்துவிட்டு வந்து வெகுநேரம் தொழுகை விரிப்பிலேயே இருந்தார். மறுநாள் யாரோ ஒரு பசித்தவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் விரிப்பை அலசிப் போட்டேன், காலண்டரில் புள்ளி வைத்தேன், தொழுகையை விட்டேன். ஒன்றரை நாளில் நின்றது. குளித்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த முறையும் அதே. அதற்கடுத்ததும்.

முதலில் சிரித்தோம். "நம்ம சிக்னல மட்டும் எவன் புள்ள ரெட்டுலயே வெச்சிருக்கான்" என்பார். பிறகு தொடுமுன் கேட்கத் தொடங்கினார், உனக்கு இன்று சுத்தம்தானே என்று. வாசலில் ஆதார் கேட்பதுபோல அந்தக் கேள்வி என்னை நிறுத்தும். பிறகு அதையும் கேட்கவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். காரணம் கேட்டபோது சுவரைப் பார்த்துக்கொண்டே, "என்னாலதான் உனக்கு இப்டி ஆவுது" என்றார். முப்பது டன் பெட்டியை முட்டை வைப்பதுபோல வைக்கிற மனிதர். தன் கையை ஏதோ கலீஜானதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோன்பு மாதம் வந்தது. இரவுகளில் தடை இல்லை என்றாலும் நாங்கள் விலகியே இருந்தோம். அந்த மாதம் இரத்தம் ஒரே ஒரு தடவை, தன் நாளில், தன் அளவில் வந்து போனது. என் துஆ, என் வேண்டுதல், ஏற்கப்பட்டது என்று அழுதேன். பெருநாள் கழிந்த முதல் லீவு நாளில் மறுபடி விரிப்பை அலசினேன்.

சர்க்கரை மாத்திரைக்காக மாதம் ஒருமுறை நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போவேன். அங்கே நர்ஸ் அமுதா. சடையங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வந்துவிடுவாள். முப்பது வயது தாண்டிய பெண்கள் எல்லோரையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது அவள் வேலை. கூப்பிட்டபோதெல்லாம் நான் ஒரே பதில் சொன்னேன்: இன்னும் குளிக்கவில்லை. பொய்யில்லை. அந்தந்த நாளில் எனக்குப் புள்ளி இருந்தது. நான் மாத்திரை வாங்கப் போவதும் அவர் லீவுக்கு மறுநாள்தான், அவர் வண்டியில் கொண்டுபோய் விடுவார். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாம் தடவை அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எப்ப கூப்ட்டாலும் குளிக்கலன்றியேக்கா. மாசத்துக்கு எத்தினி தபா வருது உனக்கு?"

தெரியவில்லை, எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். கொண்டு வா என்றாள். மறுநாள் காலண்டரையே ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவள், புதுவருஷக் காலண்டரா, எந்தக் கடையில் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள்.

அமுதா ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. அடுத்த தாளுக்குப் போனது. மறுபடி பின்னால் வந்தது.

"இந்த ரவுண்டு இன்னாக்கா?"

"அது அவரு லீவு."

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பீரியட்ஸுக்கு அவரு லீவு நாளு எப்டிக்கா தெரியும்?"

எனக்கு முதலில் காது சூடானது. அப்புறம்தான் கண் திறந்தது. அவள் காட்டிக்கொண்டே போனாள்: மாதத்தில் ஒரு கொத்து, நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல, அது மாதவிடாய். மற்ற புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு நீல வட்டத்துக்குள், இல்லையென்றால் அதை ஒட்டி. நோன்பு மாதத்துத் தாளில் வட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கொத்து மட்டும் தனியாக ஒரு மூலையில்.

எட்டு மாதத்து நோய் தேதி போட்டு எழுதியிருந்தது. எழுதியவள் நான்.

இரண்டு இரத்தம் உண்டு என்பது எனக்குச் சிறு வயதிலேயே பாடம். மாத இரத்தம் ஒன்று. அதற்குத் தொழுகை இல்லை. நோயின் இரத்தம் வேறு, அதற்கு இஸ்திஹாளா என்று பெயர், அதில் தொழுகை உண்டு, கணவன் மனைவிக்கு விலக்கும் இல்லை. நிறுத்தாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். பாடம் தெரிந்தது. என் உடம்பில் அதைப் பொருத்திப் பார்க்கத் தெரியவில்லை. எந்தச் சிவப்பைக் கண்டாலும் ஒரே பெயரில் அழைத்து, ஒரே பெட்டியில் போட்டு, மூடி முத்திரை வைத்துவிட்டேன்.

பரிசோதனை ஐந்து நிமிடம்கூட இல்லை. படுக்க வைத்து, ஒரு கருவியால் வழி திறந்து, கர்ப்பப்பையின் வாயில் வினிகர் போன்ற ஒரு திரவத்தைப் பஞ்சால் ஒற்றினாள். ஊறுகாய் ஜாடி திறந்த வாசனை. நல்ல இடம் நிறம் மாறாது, சந்தேகமான இடம் வெளுத்துப்போகும். அவ்வளவுதான் அந்தச் சோதனையின் சூட்சுமம். எனக்கு ஒரு ஓரம் வெளுத்தது. பஞ்சு பட்டதும் அந்த ஓரத்தில் இரத்தம் கசிந்தது.

"அவரு ஒண்ணியும் பண்ணலக்கா. நான் பஞ்சு வெச்சதுக்கே வருது பாரு" என்றாள் அமுதா.

அந்த வாக்கியத்தை மடித்துப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆனால் கொடுக்கப் போன இடத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டைத்தான் அவர் முதலில் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வாக்கியம் அவர் காதில் ஏறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பது ஒரு வேலை. விடியலில் சீட்டு, பிறகு வரிசை, பிறகு பெஞ்சு, பிறகு இன்னொரு வரிசை. பெண்கள் பகுதியில் எல்லோரும் மடியில் ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் பை வைத்திருப்போம், உள்ளே ஒரே மாதிரி நோட்டு. யாரும் யாரையும் என்ன வியாதி என்று கேட்பதில்லை. எத்தனை மாதமாக என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒவ்வொருத்தியும் தரையைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

மருத்துவர் என்னைவிட இளைய பெண்மணி. பூதக்கண்ணாடி போன்ற ஒரு கருவியால் பார்த்து, வெளுத்த இடத்தில் அரிசி மணி அளவு சதையைக் கிள்ளி எடுத்தார். பயாப்ஸி. ஒரு நொடி சுருக்கென்றது. அதைத் திரவம் நிரப்பிய சின்னப் பாட்டிலில் போட்டு, என் பெயர் எழுதி, வெளியே நின்ற காதரிடம் கொடுத்து, அடுத்த கட்டடத்து லேபில் சேர்க்கச் சொன்னார்கள். நான் ஸ்ட்ரெச்சர் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். அவர் வண்டி பின்னால் எடுக்கும்போது ஒரு மணி அடிக்கும், ஆள் விலகுவதற்கு. அன்று அந்த மணி அவர் வாயிலிருந்தே வரும்போல இருந்தது.

முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தை எப்படி எழுதுவது? கடல் தெரியாமல் கடல் இரையும் தெருவில் குடியிருப்பது மாதிரி. குழம்பு கொதிக்கும்போதும் அது, ஷப்னம் சிரிக்கும்போதும் அது. அவள் கல்லூரியிலிருந்து வந்ததும் என் பின்னால் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிடுவாள், நான் அவளுக்குச் செய்ததுபோல, அதே இழுப்போடு. மெஹரிடம் எனக்குக் கட்டி என்று மட்டும் சொல்லியிருந்தோம். நோன்பு முடிந்து மாதங்கள் ஆன பிறகும் தினம் மாலையில் நோன்புக் கஞ்சி காய்ச்சி மாடிக்கு அனுப்பினாள். உடம்பு சரியில்லாதவர்களுக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து அது.

முடிவு வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்று. ஆரம்ப நிலை. பிறகு எடுத்த ஸ்கேனிலும் வேறெங்கும் பரவிய அடையாளம் இல்லை.

மருத்துவர் நிதானமாகச் சொன்னார். ஒரு வைரஸ், தாம்பத்தியத்தில் பரவுவது. ஏறக்குறைய எல்லோருக்கும் எப்போதாவது வந்து, பெரும்பாலானவர்களுக்குத் தானே போய்விடுகிறது. சிலருக்குப் போகாமல் தங்கி, பல வருடம் கழித்து இப்படி மாறுகிறது. எப்போது வந்தது, எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தொட்டால் சிதைகிற மெல்லிய இடம் அது, அதனால்தான் சேரும்போது கசிகிறது. இப்படிக் கசிகிற எல்லோருக்கும் புற்று என்று அர்த்தமில்லை. சின்னச் சதை வளர்ச்சி, கிருமித்தொற்று, வறட்சி என்று சாதாரணக் காரணங்களும் உண்டு. ஆனால் பார்க்காமல் எது என்று தெரியாது.

தாம்பத்தியத்தில் பரவுவது என்ற சொல்லில் நானும் ஒரு நொடி அவரைத் திரும்பிப் பார்த்தேன். மறைக்கப் போவதில்லை. அவர் அந்தப் பார்வையைக் கண்டார். தலையைக் குனிந்தபடியே மருத்துவரிடம் கேட்டார்:

"என்னாலதானாம்மா?"

மருத்துவர் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த காலண்டர் சுருளைக் காட்டினார். அமுதா சொன்னபடி முதல் தடவையே அதை அவரிடம் காட்டியிருந்தேன்.

"இந்த வட்டம் மட்டும் இல்லன்னா இவங்க இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருப்பாங்க. அப்ப என்னால இந்த அளவு தைரியமா பேச முடியாது. உங்களால வந்துச்சான்னு யாருக்கும் தெரியாது. உங்களாலதான் வெளிய தெரிஞ்சுது. அது எனக்குத் தெரியும்."

காதர் வெளியே வந்து இரண்டு டீ வாங்கினார். என் டீயை ஆற்றி ஆற்றி, குடிக்க முடியாத அளவுக்குக் குளிர வைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

அறுவை சிகிச்சையில் கர்ப்பப்பையையும் அதன் வாயையும் சுற்றியிருந்த திசுவையும் இடுப்பின் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். செலவில் பெரும்பகுதியைக் காப்பீட்டு அட்டை ஏற்றுக்கொண்டது. மீதி காதரின் ஓவர்டைம். பெண்கள் வார்டில் ஆண்களுக்கு மாலை ஒரு மணி நேரம்தான் அனுமதி. மற்ற நேரமெல்லாம் ஷப்னம். கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் பரீட்சைக்குப் படித்தாள்.

பக்கத்துக் கட்டில் லட்சுமியம்மா. காசிமேட்டில் மீன் விற்கிறவர். வயது ஐம்பத்தெட்டு, எல்லாம் நின்று ஆறு வருடம் கழித்து இரத்தம் வந்திருக்கிறது. "எனக்கு வயசு திரும்பிக்கினு கீதுன்னு நெனச்சேன் கண்ணு. இன்னும் கொஞ்சம் வுட்டா பாவாட சட்ட போட்டுக்கலாம்னு இருந்தேன்" என்பார். வார்டே தையல் வலிக்க வலிக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவருக்கு வியாதி கொஞ்சம் முற்றியிருந்தது; கதிர்வீச்சுக்கு அனுப்பினார்கள். இப்போதும் போனில் பேசுகிறோம். வஞ்சிரம் விலையைத் திட்டுகிற வேகத்தில் அவர் உடம்பின் நிலவரம் எனக்குத் தெரிந்துவிடும். போன வாரம் நன்றாகத் திட்டினார்.

சிறுநீர்க் குழாயும் பையுமாகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கத்து நரம்புகள் அசந்துபோயிருக்கும், இரண்டு வாரம் ஓய்வு வேண்டும் என்றார்கள். பையைக் காலி செய்வதை ஷப்னமிடமிருந்து காதர் வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார், அளவு பார்ப்பார், குழாய் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். யார்டில் ஷிப்ட் தொடங்குமுன் வண்டியின் ஆயில் பார்க்கிற அதே முகம். மாதக்கணக்கில் என்னைத் தொடப் பயந்த கை, என் உடம்பின் மிக அசிங்கமான பையைத் தயங்காமல் பிடித்தது. ஒருநாள் அதைப் பிடித்துக்கொண்டே சொன்னார், "நல்லா வருது புள்ள." இருபத்திரண்டு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன கவிதை அதுதான்.

எடுத்த சதையின் முடிவு வந்தது. ஓரங்கள் சுத்தம். நிணநீர் முடிச்சுகள் சுத்தம். எனக்குக் கதிர்வீச்சு வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். சுத்தம் என்ற சொல்லை வாழ்நாள் முழுக்க வேறு ஓர் அர்த்தத்தில் கேட்டவள் நான். அன்று அந்தத் தாளில் அதைப் படித்தபோது மூச்சு நெஞ்சின் அடிவரை போய்வந்தது.

மெஹரிடம் அப்புறம் உண்மையைச் சொன்னேன், எங்கே, எப்போது, எப்படி இரத்தம் வந்தது என்பது வரை. தையல் மெஷின் நின்றது. சக்கரத்தில் கை வைத்தபடி நிமிர்ந்தாள். "அண்ணி, நான்கூட ஒரு தபா காட்டிட்டு வரவா?" என்று மட்டும் கேட்டாள். அமுதாவிடம் கூட்டிப்போனேன். அவளுக்கு ஒன்றுமில்லை. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் தெருவே கேட்கப் பேசிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் மாதச் சோதனையில் எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறது, இனி வழக்கம்போல இருக்கலாம் என்றார் மருத்துவர். வெளியில் நின்ற காதரிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. பயம் எனக்கும்தான். இடம் சுருங்கியிருக்கும், வறண்டிருக்கும், பொறுமை வேண்டும், களிம்பு போட்டுக்கொள்ளலாம் என்றெல்லாம் மருத்துவர் சொன்னது உடம்புக்கு. மனசு ஆறியதா என்று எந்தக் கருவியால் பார்ப்பது?

அந்த மாத ஷிப்ட் பட்டியல் வந்தது. அவர் வழக்கம்போல நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு காலண்டர் முன்னால் நின்றார். நான்கு வட்டம். போட்டுவிட்டு அங்கேயே நின்றார். எனக்கு இனிப் புள்ளி கிடையாது. நூலில் கட்டிய புருவப் பென்சில் அதன் ஆணியில் சும்மா தொங்கியது. நான் அதை எடுத்து, முதல் வட்டத்துக்குப் பக்கத்தில், டாக்டர் சரி என்றார் என்று பொடி எழுத்தில் எழுதினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். மறுபடி படித்தார். கூடத்துக்குப் போய், தலையணையை எடுத்துக்கொண்டு வந்தார்.

லீவு நாள் மத்தியானம். கீழே மெஷின் கடகடத்தது. டிரெய்லர்கள் பெருமூச்சு விட்டன. புதிதாகத் திருமணம் ஆனவர்களைவிட மெதுவாக இருந்தோம். வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சிரித்துவிடும் வரை. முடிந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விட்டு, விரிப்பைப் பார்த்தார். வெள்ளை விரிப்பு. அதைத்தான் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாகப் போட்டிருந்தேன். உள்ளங்கையால் அதை ஒருமுறை முழுக்கத் தடவினார், சுருக்கம் எடுப்பதுபோல.

பிறகு அங்கேயே, என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிப்போனார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். கை பழக்கத்தில் பென்சிலை எடுத்துவிட்டது. காலண்டரில் அந்த நாளைச் சுற்றி நீல வட்டம். அதற்குள் வைக்க என்னிடம் எதுவும் இல்லை. பென்சிலை மாட்டிவிட்டுத் தொழுகைக்குத் தயாராகக் குளிக்கப் போனேன்.